வெற்றிலையும் வைரசும் ஓமோனும்
(தலை, கழுத்துப் புற்றுநோய் பற்றி நாம் அறிய வேண்டியவை)

தலை, கழுத்துப் புற்றுநோய் என்று சொன்னதும் பலருக்கு மூளையில் வரும் கட்டிதான் நினைவுக்கு வருகிறது. மருத்துவர்கள் அந்தப் பெயரால் குறிப்பது அதையல்ல. உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், முரசு, அண்ணம், டொன்சில், தொண்டை, குரல்வளை, மூக்கின் உட்குழி, உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகிய இடங்களில் தோன்றும் புற்றுநோய்களையே அவ்வாறு ஒரே தொகுதியாகச் சொல்கிறார்கள். நாம் பேசுவதும் உண்பதும் சுவாசிப்பதும் இந்த உறுப்புகளால்தான். ஆகவே இங்கே வரும் நோய் ஒரு மனிதரின் உயிரை மட்டுமன்றி, அவருடைய குரலையும் முகத்தையும் உணவையும் கூடத் தொட்டுவிடுகிறது.

இலங்கை ஆண்களிடையே மிகக் கூடுதலாகக் கண்டறியப்படும் புற்றுநோய் உதடு, வாய், தொண்டை ஆகிய இடங்களில் வருவதுதான். இத்தனைக்கும் வாய் என்பது மறைந்திருக்கும் உறுப்பல்ல. கண்ணாடிக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தால் நம் கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வரும் நோய் ஏன் இத்தனை பேரைப் பிந்திய நிலையில் வைத்தியசாலைக்கு அனுப்புகிறது? இந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உயர்தர உயிரியல் பாடத்தில் கலவட்டத்தை ஓர் அலகிலும், ஓமோன்களை இன்னோர் அலகிலும், வைரசுகளை வேறோர் அலகிலும் படிக்கிறோம். பரீட்சைக்காகப் பிரித்துப் படிக்கும் இந்த மூன்றும் மனிதரின் கழுத்துக்கு மேலே ஒன்றாகச் சந்திக்கின்றன. சப்ரகமுவ மாகாணத்தில் வாழும் நமக்கு நான்காவதாக ஒன்றும் உண்டு. அது வெற்றிலை. நமது தோட்டப் புறங்களில் அதுவே முதற் காரணி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நமது மாகாணம் சொல்லும் கதை

2006, 2007 ஆம் ஆண்டுகளில் மருத்துவர் ஹேமந்த அமரசிங்க, பேராசிரியர் சமன் வர்ணகுலசூரிய முதலியோர் சப்ரகமுவ மாகாணத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். முப்பது வயதுக்கு மேற்பட்ட 1029 பேரைச் சந்தித்து அவர்களுடைய வாய்களைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர் என்ற அளவில், அதாவது நூற்றுக்கு 11 பேர் வரையில், புற்றுநோயாக மாறக்கூடிய மாற்றங்கள் வாயில் காணப்பட்டன. வெண்படலம், செம்படலம், கன்னத்தின் உட்புறம் இறுகிப்போதல் போன்றவை அவை. இவை புற்றுநோய் அல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால் அவற்றுள் சில புற்றுநோயாகலாம்.

அதே மக்களிடம் கேட்ட கேள்விகளின் விடைகள் இன்னும் சிந்திக்க வைக்கின்றன. வாய்ப் புற்றுநோய் என்று ஒரு நோய் இருப்பது நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அதற்கு முன்னால் இப்படி ஒரு படி நிலை இருக்கிறது என்பதை அறிந்திருந்தவர்கள் கால்வாசிக்கும் குறைவு. நோயின் பெயர் தெரியும், அது வரும் வழி தெரியாது. கண்ணுக்குத் தெரியும் நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதன் காரணத்தில் ஒரு பங்கு இங்கே கிடக்கிறது.

யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை எனத் தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் வெற்றிலைக் கூறு விற்காத கடையைக் காண்பது அரிது. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும் முன் ஒரு வாய், கொழுந்து நிறுத்த பின் ஒரு வாய், பகல் சோற்றுக்குப் பின் ஒரு வாய், இரவில் படுக்கும்போது கன்னத்தில் அடக்கிக்கொள்ள ஒரு வாய். பசியை அடக்கும், குளிருக்கு இதமாக இருக்கும், மலை ஏறும்போது களைப்புத் தெரியாது என்று சொல்வார்கள். அது வெறும் நம்பிக்கையும் அல்ல. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்னும் பதார்த்தம் நரம்புத் தொகுதியைத் தூண்டவே செய்கிறது. பழக்கமாக ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

எங்கள் வாப்பாவின் கடையும் அப்படி ஒரு தோட்டப் பாதையில்தான் இருக்கிறது. புகையிலையை வாப்பா கடையில் வைப்பதில்லை. ஆனால் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் உண்டு. உண்மையைச் சொன்னால், காலையில் முதலில் காசு விழுவதே அதற்குத்தான். இந்தப் பாடத்தைப் படித்த நாட்களில் ஒருநாள் நான் வாப்பாவிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தேன். “பொயலைதான் கூடாது மகள். வெறும் வெத்திலையும் பாக்கும் என்ன செய்யப் போகுது?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை வாப்பா மட்டும் கேட்கவில்லை. நம் வீடுகளில் பெரும்பாலானோர் நம்புவதும் இதைத்தான். ஆகவே இதற்குச் சரியான விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

புகையிலை இல்லாவிட்டால் ஆபத்தில்லையா?

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1985 இல் புகையிலை சேர்த்த வெற்றிலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று அறிவித்தது. அப்போது புகையிலை இல்லாத வெற்றிலையைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இருக்கவில்லை. அதன் பின் பல நாடுகளில் இருந்து ஆய்வுகள் வந்தன. 2004 இல் வெளியான அறிக்கையில், புகையிலை சேராத வெற்றிலையும், பாக்கு தனியாகவும் கூட, புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் தொகுதியிலேயே சேர்க்கப்பட்டன. நமது சப்ரகமுவ ஆய்வும் அதையே காட்டியது: புகையிலை சேர்த்து மென்றவர்களுக்கும் ஆபத்து, சேர்க்காமல் மென்றவர்களுக்கும் ஆபத்து. புகையிலை ஆபத்தைக் கூட்டுகிறது. அதை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லாமற் போவதில்லை.

காரணத்தை வாயிலிருந்தே பார்க்கலாம். பாக்கின் அரிக்கோலின் வாயின் தோலுக்குக் கீழே உள்ள நார்க்கலங்களைத் தூண்டி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அளவுக்கு மிஞ்சி உண்டாக்கச் செய்கிறது. பாக்கில் செப்பும் உண்டு. கொலாஜன் நார்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதியம் வேலை செய்யச் செப்புத் தேவை. இந்த இரண்டும் சேரும்போது கன்னத்தின் உட்புறம் மெல்ல மெல்ல வெளிறி, பலகை போல இறுகுகிறது. காரமான கறி எரிகிறது. வாய் முழுதாகத் திறக்க மாட்டேன் என்கிறது. தன்னுடைய மூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு இடையே வைக்க முடியாதவர் உடனே வைத்தியரைக் காண வேண்டும். இந்த இறுக்கம் ஒருமுறை வந்தால், மெல்லுவதை விட்டாலும் முழுதாகத் திரும்புவதில்லை. ஆனால் விட்டால் மேலும் மோசமாவதைத் தடுக்கலாம். வெண்படலம் சிலருக்கு, வெற்றிலையை விட்ட பின் மறைந்தே போவதுண்டு.

சுண்ணாம்பும் சும்மா இருப்பதில்லை. அது வாயைக் காரமாக்கி, பாக்கிலுள்ள பதார்த்தங்கள் வெளிப்பட்டுத் தாக்க உதவுகிறது. கலங்களின் டி.என்.ஏ.யைச் சிதைக்கும் ஒட்சிசன் மூலிகங்கள் அங்கே உண்டாகின்றன. மென்ற கூறை இரவு முழுவதும் ஒரே கன்னத்தில் அடக்கி வைப்பவருக்கு, நோய் பெரும்பாலும் அந்தக் கன்னத்திலேயே வருவது இதனால்தான்.

2016 ஆம் ஆண்டு இலங்கை அரசு, புகையிலை கலந்த மெல்லும் பொருட்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது. அது நல்ல சட்டம். ஆனால் எந்தச் சட்டமும் வீட்டுத் தோட்டத்துக் கமுகில் ஏறிப் பாக்கை நிறுத்திவிடாது. அதை நிறுத்துவது அறிவுதான்.

கலத்தின் இரண்டு காவலர்கள்

புற்றுநோய் எப்படித் தொடங்குகிறது என்பதை விளங்கிக்கொண்டால், வைரசின் வேலையும் எளிதில் விளங்கும். வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் தட்டை மேலணிக் கலங்கள் நாள்தோறும் தேய்ந்து உதிர்கின்றன. கீழே உள்ளவை பிரிந்து புதியவை உண்டாகின்றன. இந்தப் பிரிவு கட்டுப்பாட்டோடு நடக்க வேண்டும். அதற்குக் கலத்திலே இரண்டு முக்கிய காவலர்கள் உள்ளனர்.

ஒன்று பி53 என்னும் புரதம். டி.என்.ஏ. பழுதடைந்தால் அது கலவட்டத்தை நிறுத்தி, திருத்துவதற்கு நேரம் வாங்கித் தருகிறது. திருத்த முடியாவிட்டால் அந்தக் கலத்தையே இறக்கச் செய்கிறது. மற்றது ஆர்பி என்னும் புரதம். பிரிவுக்கான அனுமதி கிடைக்கும் வரையில் அது வாசலைப் பூட்டி வைத்திருக்கிறது.

வெற்றிலையும் புகையிலையும் மதுவும் நீண்ட காலம் டி.என்.ஏ.யைத் தாக்கித் தாக்கி, பி53 ஐ உண்டாக்கும் பரம்பரையலகிலேயே விகாரத்தை ஏற்படுத்துகின்றன. பல ஆண்டுகள் எடுக்கும் வேலை இது. ஆகவேதான் இந்த வகை நோய் கூடுதலாக நடுத்தர வயதுக்குப் பின் வருகிறது. வைரசு வேறு வழியில் வருகிறது. காவலரை மாற்றுவதில்லை, நேராகவே செயலிழக்கச் செய்துவிடுகிறது.

வைரசு செய்யும் வேலை

மனித பப்பிலோமா வைரசு என்பது ஒன்றல்ல. இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. கையில் வரும் சாதாரண மருவும் அவற்றுள் ஒன்றால் வருவதே. ஆனால் 16, 18 ஆகிய வகைகள் ஆபத்தானவை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த வைரசே காரணம் என்று கண்டுபிடித்ததற்காக ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே 16 ஆம் வகைதான் டொன்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வரும் புற்றுநோய்களிலும் கூடுதலாகக் காணப்படுகிறது. டொன்சிலில் ஆழமான குழிகள் உண்டு. அந்தக் குழிகளின் மேலணி மிக மெல்லியது. வைரசு உள்ளே நுழைய வசதியானது.

நுழைந்த வைரசு ஈ6, ஈ7 என்னும் இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ6 பி53 ஐப் பிடித்துச் சிதைக்கக் கொடுத்துவிடுகிறது. ஈ7 ஆர்பியைக் கட்டிப்போடுகிறது. இரண்டு காவலர்களும் இல்லாத வாசலில் கலம் விரும்பியபடி பிரிகிறது. அதனால்தான் ஒருநாளும் வெற்றிலை மெல்லாத, புகைக்காத ஒருவருக்கும் தொண்டையில் புற்றுநோய் வரலாம். ஐக்கிய அமெரிக்காவில் தொண்டையின் இப்பகுதியில் வரும் புற்றுநோய்களில் பெரும் பங்கு இன்று இந்த வைரசாலேயே வருகிறது. நமது நாட்டில் நிலைமை அப்படியல்ல. இங்கே கன்னத்திலும் நாக்கிலும் வரும் நோய்தான் கூடுதல். அதற்குப் பெருங்காரணம் மெல்லும் பழக்கமே.

இதில் வியப்பான ஒன்றும் உண்டு. வைரசால் வந்த தொண்டைப் புற்றுநோய் கதிர்ச் சிகிச்சைக்கு நன்றாக இணங்குகிறது; குணமாவோர் தொகையும் கூடுதல். பழக்கத்தால் வந்த நோயில் பி53 உருவிலேயே பழுதடைந்திருக்கிறது. வைரசால் வந்ததில் அது பழுதடையவில்லை, அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே வைத்தியர்கள் தொண்டைக் கட்டியிலிருந்து எடுத்த இழையத்தில் பி16 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். மிகுந்திருந்தால் பெரும்பாலும் வைரசின் வேலை என்று அறியலாம்.

இன்னொரு வைரசையும் சொல்ல வேண்டும். 1964 ஆம் ஆண்டு எப்ஸ்டீன், அச்சோங், பார் ஆகிய மூவரும் ஆபிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு கட்டியின் கலங்களில் புதிய வைரசு ஒன்றைக் கண்டார்கள். மனிதரில் புற்றுநோயோடு தொடர்புபட்டதாகக் கண்டறியப்பட்ட முதல் வைரசு அதுவே. எப்ஸ்டீன்-பார் என்று பெயர் பெற்ற அது உமிழ்நீரால் பரவுவது. உலகின் பெரும்பாலான வளர்ந்தவர்களின் உடலில் அது அமைதியாகக் குடியிருக்கிறது. ஆனால் தென் சீனாவில் மூக்குக்குப் பின்னால் உள்ள தொண்டைப் பகுதியில் வரும் புற்றுநோய்க்கு அது முக்கிய காரணி. அங்கே பரம்பரையும், சிறு வயது முதல் உண்ணும் உப்பிட்ட மீனும் அதோடு சேர்கின்றன. ஒரே வைரசு பலரிடம் அமைதியாக இருந்து சிலரிடம் மட்டும் நோயாகிறது. வைரசு மட்டும் தனியே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தரம் 6 இல் போட்ட ஊசி

நம்மில் பலர் தரம் 6 இல் படிக்கும்போது பாடசாலையில் ஓர் ஊசி போட்டுக்கொண்டோம். 2017 ஆம் ஆண்டு இலங்கையில் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்ட மனித பப்பிலோமா வைரசுத் தடுப்பூசிதான் அது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காகவே அது தொடங்கப்பட்டது. எங்கள் வகுப்பிலும் சில தாய்மார் கையொப்பமிடத் தயங்கினார்கள். பிள்ளைப் பேற்றைப் பாதிக்கும் என்று யாரோ சொன்ன கதை ஒன்று வீடு வீடாகப் போயிருந்தது. அந்தக் கதைக்கு எந்த ஆய்விலும் ஆதாரம் இல்லை. உலகெங்கும் கோடிக்கணக்கான பெண் பிள்ளைகளுக்கு இது போடப்பட்டிருக்கிறது.

வைரசு பரவுவது மிக நெருங்கிய உடற் தொடுகையால். திருமண வாழ்விலும் அது பரவும். வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறை பெரும்பாலான மனிதர்களுக்கு இது தொற்றுகிறது; பெரும்பாலானோரில் நீர்ப்பீடனத் தொகுதி ஓரிரு ஆண்டுகளில் அதை அகற்றிவிடுகிறது. ஆகவே வைரசு இருப்பது ஒருவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய சான்றிதழ் அல்ல. நோயாளியைப் பார்த்து நாம் விரல் நீட்டினால், அடுத்த நோயாளி வைத்தியசாலைக்கு வரவே பயப்படுவார். நெருக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே உடலுக்குப் பாதுகாப்புத் தருவதற்காகத்தான் பத்து, பதினொரு வயதில் இந்த ஊசி போடப்படுகிறது.

இந்த ஊசி தொண்டையையும் காக்குமா? கொஸ்தாரிக்கா நாட்டில் தடுப்பூசி பெற்ற பெண்களை ஏறத்தாழ நான்கு ஆண்டுகளின் பின் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2013 இல் வெளியானது. ஊசி பெற்றவர்களின் வாயில் 16, 18 வகை வைரசுகள் காணப்படுவது, பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. 2020 இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் தலை, கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் இந்தத் தடுப்பூசியின் பயன்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நம்முடைய தங்கைமாரின் கையொப்பப் படிவம் வீட்டுக்கு வரும்போது இதை உம்மாவிடம் எடுத்துச் சொல்ல நம்மால் முடியும்.

ஓமோன்களின் பங்கு

தலை, கழுத்துப் புற்றுநோய் உலகெங்கும் பெண்களைவிட ஆண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேலாக வருகிறது. ஆண்கள் கூடுதலாகப் புகைப்பதும் குடிப்பதும் இதற்குப் பெருங்காரணம். ஆனால் அது மட்டும்தானா என்ற கேள்வி நெடுங்காலமாகவே உண்டு.

ஓமோன் ஒரு கலத்தில் வேலை செய்ய வேண்டுமானால், அந்தக் கலத்தில் அதற்குரிய வாங்கி இருக்க வேண்டும். திறப்புக்குப் பொருந்தும் பூட்டுப் போல. வாய், குரல்வளை, தொண்டை ஆகிய இடங்களின் சில கட்டிகளில் ஈஸ்திரசன் வாங்கிகள் காணப்பட்டுள்ளன. வைரசால் வந்த தொண்டைப் புற்றுநோயில் இந்த வாங்கி இருந்த நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மற்ற இடங்களில் ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே மார்பகப் புற்றுநோயில் சொல்வது போல இங்கே ஈஸ்திரசனைக் காரணி என்று சொல்வதற்கில்லை.

ஆனால் கழுத்துக்கு மேலே ஓமோன்கள் வேலை செய்கின்றன என்பதில் ஐயமில்லை. கர்ப்பிணித் தாய்மாரில் சிலருக்கு முரசு வீங்கி, சிறு சிவந்த கட்டியொன்று தோன்றுவதுண்டு. அது புற்றுநோயல்ல, கர்ப்ப கால ஓமோன்களின் தூண்டலால் வருவது, பிள்ளை பிறந்த பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். பருவமடையும் வயதுப் பையன்களின் மூக்குக்குப் பின்னால் இரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு கட்டி அரிதாக வருகிறது. அதுவும் புற்றுநோயல்ல. ஆனால் கிட்டத்தட்ட ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே, அதுவும் அந்த வயதிலேயே வருவதால், ஆண் ஓமோன்களின் தொடர்பு இதில் பேசப்படுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியின் கானில் வரும் ஒரு வகைப் புற்றுநோயில் ஆண் ஓமோன் வாங்கிகள் நிறைந்திருக்கின்றன. அந்த ஓமோனைத் தடுக்கும் மருந்துகள் அத்தகைய நோயாளிகள் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன.

கழுத்தில் ஓமோனின் வேலை தெளிவாகத் தெரியும் இடம் தைரொயிட் சுரப்பி. இதன் புற்றுநோயை மருத்துவர்கள் பெரும்பாலும் தனியாகவே கணக்கிடுகிறார்கள். ஆனாலும் பெண்களாகிய நமக்கு அது முக்கியமானது. ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பெண்களுக்கு அது வருகிறது. இலங்கைப் பெண்களிடையே கூடுதலாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்தபடியாக முன்வரிசையில் நிற்கிறது. பிள்ளை பெறும் வயதில்தான் ஆண், பெண் வேறுபாடு மிகுதி என்பதால் ஈஸ்திரசனின் பங்கு பற்றிய ஆராய்ச்சி தொடர்கிறது.

தைரொயிட்டை இயக்குவது கபச்சுரப்பியிலிருந்து வரும் ஓர் ஓமோன். அது தைரொயிட்டைச் சுரக்கச் செய்வதோடு அதன் கலங்களை வளரவும் செய்கிறது. அயடீன் போதாதபோது தைரொயிட் போதிய அளவு சுரக்காது. உடனே கபச்சுரப்பி கூடுதலாகத் தூண்டும். சுரப்பி பெருத்துக் கண்டமாலை உண்டாகும். மழை மிகுந்த தென்மேற்கு ஈரவலயத்தில் கண்டமாலை நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995 இல் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்ட பின் அது குறைந்தது. தைரொயிட் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குத் தைரொக்சின் மாத்திரை கொடுப்பதிலும் இதே தத்துவம் உண்டு. இழந்த ஓமோனை ஈடுசெய்வதோடு, கபச்சுரப்பியின் தூண்டலையும் அது அடக்குகிறது. எஞ்சிய புற்றுக் கலம் ஏதும் இருந்தால் அதற்கு வளரும் கட்டளை போகாது.

நமது தோட்டங்களுக்கு வந்து பார்த்தால் ஓமோன் பற்றிய கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே கொழுந்து பறிக்கும் பெண்களும் பால் வெட்டும் பெண்களும் ஆண்களைப் போலவே வெற்றிலை மெல்கிறார்கள். பெண் என்ற ஒரே காரணம் அவர்களைக் காப்பாற்றுவதில்லை. ஓமோன் தரும் பாதுகாப்பு என்று ஒன்று இருந்தாலும், நாளுக்குப் பத்துத் தரம் மெல்லும் பாக்கின் முன்னால் அது பெரிதாக நிற்காது.

ஏன் பிந்துகிறது?

எங்கள் கடைக்கு வரும் ஆச்சி ஒருவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படை இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் அது நோய் என்று அவர் நினைக்கவில்லை. வைத்தியசாலைக்குப் போக வேண்டுமானால் ஒருநாள் பேர் விழாது. அந்த நாட்சம்பளம் போகும். பஸ்ஸுக்கும் காசு வேண்டும். “நோவில்லாத எடத்துக்கு என்ன மருந்து புள்ள?” என்று அவர் கேட்டபோது அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. உண்மையில் தொடக்கத்தில் வலிக்காததுதான் இந்நோயின் சூழ்ச்சி. இதை நான் சொல்ல, வாப்பாவும் சேர்ந்து சொல்ல, மூன்றாம் கிழமைதான் அவர் பல் வைத்தியரிடம் போனார். சிறு துண்டு இழையம் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை, ஆனால் வெற்றிலையை விட வேண்டும், மாதந்தோறும் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது குறைத்திருக்கிறார். முழுதாக விடவில்லை.

அதன் பின் வாப்பா கடையில் ஒன்று செய்கிறார். வெற்றிலை வாங்குவோரிடம், “வாயில புண் ஏதும் ஆறாம இருக்குதா?” என்று கேட்கிறார். வெற்றிலையை நிறுத்திவிடவில்லை. “நான் விக்காட்டி அடுத்த கடையில வாங்குவாங்க, மகள்” என்கிறார். அதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் கேட்பவர் ஒருவர் இருக்கும் கடைக்கும், கேட்காத கடைக்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று வாயைக் கொப்பளித்துவிட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கும் பார்த்துக் கொடுங்கள். முதலில் உதடுகளைப் புரட்டிப் பாருங்கள். பிறகு இரு கன்னங்களின் உட்புறம், முரசு, அண்ணம். நாக்கை நீட்டி மேற்புறம், இரு ஓரங்கள். நாக்கை மேலே தூக்கி அடிப்புறம். கடைசியாகக் கழுத்தின் இரு புறமும் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படை, காரணமின்றி ஆடும் பல், வாய் திறக்க முடியாமை, மாறாத குரல் கரகரப்பு, விழுங்கும்போது தடை, கழுத்தில் வலியில்லாத கட்டி ஆகிய எதைக் கண்டாலும் அருகிலுள்ள அரச பல் சிகிச்சை நிலையத்துக்குப் போகலாம். கட்டணம் இல்லை. தேவையானால் அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கும், மஹரகமவிலுள்ள தேசிய புற்றுநோய் நிறுவனத்துக்கும் அனுப்புவார்கள். இவற்றுள் பெரும்பாலானவை புற்றுநோயாக இராது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் வைத்தியர், நாமல்ல.

விடுவது கடினம் என்பது உண்மை. ஆனால் நம் வீட்டு மூத்தம்மாமார் ஒன்றை ஆண்டுதோறும் நிரூபிக்கிறார்கள். நோன்பு மாதத்தில் ஸஹர் முதல் இப்தார் வரை பதின்மூன்று மணித்தியாலத்துக்கும் மேலாக வாயில் வெற்றிலை இல்லாமல் இருக்கிறார்கள். முப்பது நாள் பகலில் முடிகிறது என்றால், இரவிலும் முடியும். பெருநாளுக்குப் பிறகும் முடியும். பழக்கத்தை முறிக்க இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. தோட்டத்து நண்பிகளின் வீடுகளிலும் மாலை போட்டு விரதமிருக்கும் காலங்கள் உண்டு. அவர்களும் அதே போலத் தொடங்கலாம். வெற்றிலை கேட்கும் நேரத்தில் ஏலமோ கராம்போ பெருஞ்சீரகமோ ஒரு சிட்டிகை கொடுத்துப் பார்க்கலாம்.

ஓமோனை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வைரசு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் அதற்கு ஊசி இருக்கிறது. வெற்றிலையோ நம் கையாலேயே மடித்து வாயில் வைப்பது. மூன்றில் மிகப் பெரிய காரணி, நம் மாகாணத்தைப் பொறுத்தவரை, நம் கைக்கு எட்டுவதாகவே இருக்கிறது. இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் ஒவ்வொரு தோழியும் இந்த விடுமுறையில் வெற்றிலை மெல்லும் ஒருவரையாவது வெளிச்சத்தில் அமர்த்தி, “கொஞ்சம் வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க” என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அரை நிமிடம் போதும்.